பார்த்தவர் கையெழுத்து

அண்ணாகிராமத்துக்கு மேற்கே, பண்ருட்டி ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த ஊரில், சந்திரலேகாவுக்கு என்ன வேலை என்பது பல பேருக்குக் கடைசிவரை சரியாகப் புரியவில்லை. கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ஊசிமருந்துக் கம்பெனிக்குப் போகிறாள், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முந்திரித் தோப்பு முனையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது, சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து இறக்குகிறது என்பது வரை தெரியும். உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டால், "வயல் பாக்குறேன்" என்பாள். மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிக்குக் கம்பெனியில் எல்லோரும் வயல் என்றுதான் சொல்வார்கள். கேட்டவர்கள், கம்பெனிக்காரன் உள்ளே நெல்லும் போடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

உண்மையில் அவள் வேலை பார்ப்பதுதான். பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பக்கமும் மறைத்த ஒரு பெட்டி, உள்ளே கண் கூசுகிற வெளிச்சம், பாதிப் பலகை கறுப்பு, பாதிப் பலகை வெள்ளை. குப்பியைக் கழுத்தில் பிடித்து லேசாகச் சுழற்றி, கறுப்புக்கு முன்னால் ஐந்து விநாடி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து விநாடி. மேலே மாட்டியிருக்கிற கருவி ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று சொல்லும். உள்ளே தூசி, கண்ணாடித் துகள், மூடி ரப்பரின் துணுக்கு எதுவும் மிதக்கக் கூடாது. மிதந்தால் சிவப்புத் தட்டில் ஒதுக்க வேண்டும். தட்டுக்கு நூறு குப்பி, நாளைக்குப் பதினைந்து தட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும். தட்டு முடிந்ததும் தாளில் 'பார்த்தவர்' என்கிற கட்டத்தில் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கப் போகிறவர் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்ஸ்தான்.

மருந்து மூட்டுவாதக்காரர்களுக்குப் போடுவது. காய்ச்சி வடிக்கிற ரசாயனம் இல்லை; உயிருள்ள செல்லில் வளர்த்து எடுக்கிற புரதம். மாடியில் அதோடு உப்பும் சர்க்கரையும் இன்னும் என்னென்னவோ அளந்து சேர்த்துப் பதப்படுத்தி, குழாய் வழியாகக் கீழே குப்பியில் அடைப்பார்கள். அவள் சேர்ந்த நாலாம் வருஷம் சூபர்வைசராக வந்த ஸ்ரீதர் குறிஞ்சிப்பாடிக்காரன், அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான். இதை முட்டை வெள்ளைக்கரு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். சூடு பட்டால் உறையும், குலுக்கினால் நுரைக்கும், பம்பில் அடிபட்டால் தனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு ஏடு கட்டும். அந்த ஏட்டோடு ஊசி போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்றான். ஆனால் சில பேர் உடம்பு அதை எதிரியாக எண்ணிப் பழகிவிடும், அப்புறம் நல்ல மருந்தைப் போட்டாலும் அந்த ஆளுக்குக் கேட்காது, சிலருக்கு மூச்சு முட்டும் என்றான். அதற்குப் பிறகு அவள் குப்பியைச் சுழற்றுவதில் ஒரு நிதானம் வந்தது. அவள் பார்த்த தட்டைத் திரும்பச் சோதிக்க வேண்டியதே இல்லை என்று பெயர் வாங்கினாள். இத்தனைக்கும் பதினொரு வருஷமும் காண்ட்ராக்ட்தான்.

புருஷன் தங்கராசு பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் இருந்தான். பழத்தைத் தட்டிப் பார்த்து இது நாளைக்குப் பழுக்கும், இது மூன்று நாள் தாங்கும், பெங்களூர் லாரியில் ஏற்றலாம் என்று பிரிப்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு லாரிமேலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. அதிலிருந்து சுமை தூக்குவதில்லை, சீசனில் மட்டும் போய் உட்கார்ந்து தட்டிக் கொடுத்துவிட்டு வருவான். ஒரே மகள் இலக்கியா சிதம்பரத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம். ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை தோறும் வடலூர் வழியாக பஸ் பிடித்து வருவாள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது தட்டில் பதினெட்டாவது குப்பிக்குள் ஒரு கறுப்பு நூல் தெரிந்தது. சந்திரலேகா அதைச் சிவப்புத் தட்டில் ஒதுக்கினாள். பத்தொன்பதாவதிலும் நூல் இருந்தது. அதையும் ஒதுக்கிவிட்டு, ஒரு நொடி கை நின்றுபோனது. அதே நூல், அதே வளைவு. அடுத்த குப்பியை எடுக்காமல் வெறும் வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். நூல் அங்கேயும் இருந்தது. கண்ணை இடப்பக்கம் ஓட்டினால் அதுவும் கூடவே ஓடியது; நிறுத்தினால் கொஞ்சம் தாமதித்து, ஊசலாடி நின்றது. வலது கண்ணை மூடிப் பார்த்தாள், இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தாள், இல்லை.

கருவி டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒதுக்கிய இரண்டு குப்பிகளையும் எடுத்து நல்லதோடு வைத்தாள்.

வீட்டுக்கு வந்து தங்கராசுவிடம் சொன்னபோது, வெயில் சூடு ஏறியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் வைத்துத் தலை முழுகு என்றான். அவளுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையை நினைவு வந்த நாளில் போடுவாள். பங்குனி தொடங்கி ஆடி வரை வீடு முழுக்கப் பலாச்சுளை வாசனை, ஒரு சுளை எடுத்து வாயில் போடாமல் கை சும்மா இருக்காது. இலக்கியா அந்த சனிக்கிழமை வந்து, அம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்து முந்திரிக்கொட்டை உரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைக் கறந்தாள். கேட்டதும் அவள் முகம் மாறிப்போனது. சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, வார்டில் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன், திங்கட்கிழமையே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள்.

போவதில் ஒரு சங்கடம் இருந்தது. வைத்தியம் பார்ப்பதென்றால் இ.எஸ்.ஐ. கார்டில்தான் பார்க்க வேண்டும். சீட்டு கம்பெனிக்குப் போகும். பார்க்கிறவர்களுக்குக் கண் கோளாறு என்றால் அன்றைக்கே வெளியே. முன்பு கண் மங்கிப்போன தனக்கோடி என்று ஒருத்தியை, பாக்கிங்குக்கு மாற்றுகிறோம் என்று பெட்டி முன்னாலிருந்து எழுப்பி, இரண்டே மாதத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனியில் ஆறு மாதக் கண் பரிசோதனை வரும், அதைத் தாண்டிவிட்டுப் போகலாம் என்றாள் சந்திரலேகா.

"எப்டிம்மா தாண்டுவ?" என்றாள் இலக்கியா.

அதற்குத் தங்கராசுதான் வழி சொன்னான். கம்பெனி முதலுதவி அறைச் சுவரில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கிற எழுத்து அட்டை பதினொரு வருஷமாக ஒரே அட்டை. அதே அட்டை உங்கள் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் இல்லையா என்று மகளைக் கேட்டான். இலக்கியா முடியாது என்று எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமையும் முடியாது என்றே சொன்னாள். நான் கை வைத்துத் தொடுகிற நோயாளிக்குத்தான் இந்தக் குப்பி போகிறது என்றாள். தங்கராசு குரலை உயர்த்தவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு வருஷம் பாப்பா. உன் படிப்பு முடியட்டும். நான் நல்லா இருந்தா உங்கம்மாவ இந்நேரம் வீட்ல உக்கார வச்சிருக்க மாட்டேனா?"

மூன்றாவது சனிக்கிழமை அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த எழுத்துக்களை மேலிருந்து கீழே பெரிதிலிருந்து சிறிதாக எழுதிக் கொடுத்தாள். அம்மாவைக் கதவுக்கு எதிரே உட்கார வைத்து, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, வரி வரியாக ஒப்பிக்க வைத்தாள். சந்திரலேகா ப்ளஸ் டூ வரை படித்தவள், இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அன்று ராத்திரி பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. இலக்கியாவுக்குப் பிடித்தது. தட்டில் கை வைத்தவள் பசியில்லை என்று எழுந்துவிட்டாள்.

ஆனி மாதம் பரிசோதனைக்கு வந்த ஆள், நல்ல கண் அக்கா உங்களுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதன்பின் அவள் வலது கண்ணாலேயே பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் நூல் ஓரமாக ஒதுங்கும். அந்த இடைவெளியில் பத்து விநாடி. நூல் ஒன்று இரண்டாயிற்று, பிறகு சிலந்தி வலை மாதிரி ஒரு மூட்டம், சில நாள் கரித்தூளைத் தூவினது மாதிரி. சிவப்புத் தட்டில் முன்பு விழுந்ததைவிடக் குறைவாகவே விழுந்தது. சந்தேகம் வந்தால் தன் கண்தான் என்று எண்ணி நல்லதில் வைத்துவிடுவாள். யாரும் கேட்கவில்லை. ஒதுக்குவது ஜாஸ்தியானால்தான் கேள்வி வரும்.

ஆடி கடைசியில் புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாக அடைத்த மருந்து வந்தது. முதல் தட்டிலேயே அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. குப்பிக்குள் கறுப்பாக எதுவும் இல்லை. கஞ்சித் தெளிவின் மேல் மிதக்கிற ஏடு மாதிரி, வெளிச்சத்தில் வந்தும் வராமலும், மெதுவாகக் கீழே இறங்கியது. தன் கண்ணிலிருக்கிற நூல் இப்படி இறங்காது என்று அவளுக்குத் தெரியும். ஏழு குப்பிகளை ஒதுக்கினாள். நூற்றில் ஏழு என்பது அதிகம். பக்கத்துப் பெட்டியில் இருந்த கயல்விழியைக் கூப்பிட்டு இரண்டைக் காட்டினாள். நெல்லிக்குப்பத்துப் பெண், இருபத்தைந்து வயது, கூர்மையான கண். அவள் தன் தட்டை விட்டு எழுந்த அவசரத்தில் வாங்கி ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே அக்கா என்று கொடுத்துவிட்டாள்.

சந்திரலேகா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஏழையும் நல்லதில் வைத்தாள். அதற்கு மேல் வந்த தட்டுகளில் அந்த ஏடு தெரிந்தபோதெல்லாம், இதுவும் கண்தான் என்று சொல்லிக்கொண்டு வைத்தாள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கயல்விழி பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலூர் தாண்டும் வரை அரைத் தூக்கத்தில் இருந்தவள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் புகை வாசனை வந்ததும் இறங்குவதற்குப் பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல நீங்க காட்டுனப்ப நான் சரியா பாக்கலக்கா. மத்தியானம் எனக்கே வந்துச்சி. வெள்ளையா, ஏடு மாரி. ஒம்பது எடுத்துப் போட்டேன். நீங்க எத்தினி எடுத்தீங்க?"

சந்திரலேகா பதில் சொல்வதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் உடை மாற்றுகிற அறைக்குப் போகாமல் நேரே ஸ்ரீதர் அறைக்குப் போனாள். நேற்று தான் பார்த்த தட்டுகளை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொன்னாள். என் கண் சரியில்லை, ஏடு இருந்ததை நான்தான் வைத்துவிட்டேன் என்றாள். ஸ்ரீதர் பதறவில்லை. மருந்து இன்னும் குளிர் அறையில்தான் இருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சொன்னீர்களே அதுவே பெரிது என்றான். எத்தனை நாளாக அக்கா என்று கேட்டான்.

"சித்திரைலேருந்து சார்."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சித்திரையிலிருந்து பதினான்கு லாட், பதினான்கு முறை அடைத்த மருந்து, வெளியே போயிருக்கிறது என்று சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்துவிட்டது. ஆனியில் கண் டெஸ்ட் பாஸாகி இருக்கிறதே என்றான். மனப்பாடம் செய்து சொன்னேன் என்றாள். அவன் மேசைமேல் ஒரு தாளை எடுத்து வைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, நான் இப்ப ஒரு கேள்வி கேட்டேன். நீங்க நேத்துலேருந்துன்னு சொன்னீங்க. எங் காதுல உழுந்தது அவ்வளவுதான். பதினாலு லாட்ட திருப்பிக் கூப்புடணும்னா இந்த ரூம்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். கயலு, மத்த பொண்ணுங்க, எல்லாந்தான்."

தாளை அவனே எழுதினான். நேற்று முதல் கண்ணில் மங்கல், தானாக முன்வந்து வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். காலை பத்தரை மணிக்கு டவுன் பஸ்ஸில் திரும்பினாள். பதினொரு வருஷத்தில் அந்த ரோட்டை அந்த வெயிலில் அவள் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் கயல்விழி போன் செய்தாள். எல்லோரும் உட்கார்ந்து திரும்பப் பார்த்ததில் சந்திரலேகா கையெழுத்துப் போட்ட தட்டுகளிலிருந்து மட்டும் நாற்பத்தாறு குப்பிகளை எடுத்தார்களாம். பம்பில் ஏதோ கோளாறாம். நல்லவேளை சொன்னீங்கக்கா என்றாள்.

இ.எஸ்.ஐ. கார்டு இன்னும் செல்லும் என்பதால் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இலக்கியா லீவு போட்டுக் கூட வந்தாள். சித்திரையிலேயே வந்திருந்தால் இடது கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அம்மாவிடம் சொல்வதாக இருந்தாலும் அவர் பார்த்தது இலக்கியாவின் முகத்தைத்தான். வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. மாதம் ஒன்றாக மூன்று ஊசி, கண்ணுக்குள்ளேயே போட வேண்டும். அதற்கும் மேல் லேசர்.

முதல் ஊசி அன்று சொட்டு மருந்து விட்டு மரக்க வைத்து, முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்துப் படுக்க வைத்தார்கள். என்ன மருந்து சார் என்று துணிக்கு அடியிலிருந்து கேட்டாள். புரத மருந்து அம்மா, ரத்தக் குழாய் கசியாமல் கட்டுப்படுத்தும், செல்லில் வளர்த்து எடுக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"இத யாராவது பாத்துருப்பாங்களா சார்?"

"நான் பாத்துட்டுத்தாம்மா போடுறேன். பயப்படாதீங்க."

அவள் கேட்டது அதை இல்லை. எந்த ஊரிலோ ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்புக்கு ஐந்து, வெள்ளைக்கு ஐந்து என்று ஒருத்தி பார்த்திருப்பாள். அவளுக்கும் சர்க்கரை இருக்கலாம், வீட்டில் ஒரு மகள் இருக்கலாம். அவள் போட்ட கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊசி இப்போது கண்ணுக்குள் இறங்குகிறது. வலி இல்லை, ஒரு அழுத்தம் மட்டும், பிறகு பார்வைக்குள் மருந்து புகை மாதிரி சுருண்டு பரவுவது தெரிந்தது. நகராதீங்க அம்மா என்று நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் சந்திரலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஈ மொய்க்கும். மூன்று ஊசியும் முடிந்தபோது வலது கண்ணில் வீட்டுக்குள் நடமாடுகிற அளவு பார்வை நின்றது. அடுப்பு தெரியும், ஆள் தெரியும், முகம் தெரியாது. எழுத்து அறவே போயிற்று. ஐப்பசி மழை தொடங்கி, செம்மண் தெருவெல்லாம் சேறாகி, மண்டியும் ஓய்ந்து, தங்கராசு வீட்டிலேயே இருந்த நாளில் அவனிடம் சொன்னாள். பதினான்கு லாட்டைப் பற்றி, கடலூரில் இருக்கிற அரசாங்க மருந்து ஆபீசுக்கு எழுதப் போகிறேன் என்றாள்.

தங்கராசு முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். கண்ணும் போய், வேலையும் போய், இன்னும் ஜெயிலுக்கு வேறு போக வேண்டுமா என்று கேட்டான். அந்தத் தம்பி ஸ்ரீதர் உன்னை மரியாதையாக அனுப்பி வைத்தான், அவன் குடும்பத்தில் மண்ணள்ளிப் போடுவாயா என்றான்.

"யாருக்காவது எதுனா ஆச்சின்னு ஒரு சேதி வந்துச்சா? வரல இல்ல? அப்ப ஒண்ணியும் ஆவல. வுடு."

"வரலங்குறதுக்காவ ஆவலன்னு அர்த்தமா மாமா? ஒருத்தருக்கு மருந்து கேக்காமப் போயிருந்தா, அவுங்க தலையெழுத்துன்னு நெனச்சிக்கினு கெடப்பாங்க. என் கையெழுத்துன்னு அவுங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவன் குடையை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனான். இருட்டுகிற நேரத்துக்கு நனைந்து திரும்பி வந்து தலையைத் துவட்டாமலே நின்றான்.

"எழுது. ஆனா பாப்பா பேரு அதுல வரக் கூடாது. அத மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

"அவ பேர நான் எழுதுவனா? எழுத்த நானே முதலுதவி ரூம்ல பாத்துப் படிச்சிக்கிட்டேன்னு எழுதிடுறேன்."

சனிக்கிழமை வந்த இலக்கியாவிடம் அப்பாதான் சொன்னான், எந்த வரி வரக் கூடாது என்பதையும் சேர்த்து. கால் கழுவிவிட்டு வந்து, நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் இரண்டைக் கிழித்து, அம்மாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். வெளியே மழை ஓட்டுமேல் சீராகப் பெய்துகொண்டிருந்தது. சந்திரலேகா சொல்லச் சொல்ல எழுதினாள். முதல் நூல் தெரிந்த நாள், ஒதுக்கியதைத் திரும்ப எடுத்து வைத்தது, கண் பரிசோதனையில் மனப்பாடமாகச் சொன்னது, ஏடு தெரிந்தும் விட்டது, நேற்று முதல் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டது. ஸ்ரீதர் பெயர் வந்தபோது மட்டும் நிறுத்தி, அவர் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை என்று சேர்த்துக்கொள் என்றாள். சொல்லி முடித்த பிறகும் பேனா கொஞ்ச நேரம் ஓடியது.

"இன்னும் என்னா எழுதுற?"

"அட்ரஸும்மா."

இலக்கியா முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டினாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தாளின் அடியில் வைத்தாள். சந்திரலேகா அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை சிதம்பரத்தில் இலக்கியா அதை ரெஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று போன் செய்தாள்.

ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கயல்விழி அழுதுகொண்டே போன் செய்தாள். கம்பெனிக்கு அதிகாரிகள் வந்தார்கள், பழைய தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், பார்க்கிற அறையை மூடிவிட்டார்கள், ஸ்ரீதர் சாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். யார் எழுதிப் போட்டார்கள் என்று தெரியவில்லை என்று அவள் சொன்னபோது, நான்தான் கயல் என்றாள் சந்திரலேகா. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். அதன்பின் கயல்விழி போன் செய்யவில்லை.

மார்கழி தொடக்கத்தில் கடலூர் ஆபீசுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எழுதித் தந்தவரும் வரவேண்டும் என்று அதில் இருந்ததை இலக்கியா சாதாரணமாகப் படித்துச் சொன்னாள். கையெழுத்து யாருடையது என்று கேட்பார்களாக இருக்கும் என்று தங்கராசு நினைத்துக்கொண்டான். மூன்று பேரும் போனார்கள். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுச் செந்நிறமாக ஓடியது. ஆபீசில் ஈரக் குடைகளை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள்.

விசாரித்த அதிகாரியின் பெயர் தில்லைநாதன். ஓய்வு பெறப் போகிற வயது. சந்திரலேகாவை உட்காரச் சொல்லி, அவள் நாற்காலியைத் தடவிப் பிடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பேசினார். பதினான்கு லாட்டையும் திரும்பப் பெற உத்தரவு போய்விட்டது, ஆனால் பாதிக்கு மேல் போட்டு முடித்தாயிற்று என்றார். யாருக்காவது ஏதாவது ஆனதா சார் என்று அவள் கேட்டாள். மதுரையில் ஒருவருக்கும் திருச்சியில் ஒரு அம்மாவுக்கும் மருந்து கேட்காமல் போயிருக்கிறது, அது இதனால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். சந்திரலேகா தலையை ஆட்டிக்கொண்டாள்.

முறைப்படி வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டும், சரி என்றால் சரி என்று சொல்லுங்கள் என்று கடிதத்தைப் பிரித்தார். அவர் நிறுத்தி நிறுத்திப் படிக்க, ஒவ்வொரு வரிக்கும் அவள் சரிங்க சார் என்றாள். தங்கராசு சுவரோரம் நின்றிருந்தான். இரண்டாவது தாளின் கடைசிக்கு வந்தார்.

"'கண் பரிசோதனைக்கு எழுத்து வரிசையை எழுதிக் கொடுத்து அம்மாவைப் படிக்க வைத்தது அவர் மகளாகிய நான். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். இலக்கியா.'"

தங்கராசு சுவரை விட்டு மேசைப் பக்கம் வந்தான்.

"அந்த வரி நான் சொன்னது இல்லீங்க சார்," என்றாள் சந்திரலேகா.

தில்லைநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பேனாவை எடுத்து அந்த வரிக்கு மேலே பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லாதத இதுல வச்சிக்க முடியாது. பொய்னு சொன்னீங்கன்னா இப்பவே அடிச்சிடுறேன். உண்மைன்னா அந்தப் பொண்ணு படிக்கிற எடத்துக்கு நான் எழுதியாவணும். யோசிச்சிச் சொல்லுங்கம்மா."

சந்திரலேகா மகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு உருவம் மட்டும் தெரிந்தது, அசையாமல். வெளியே மழை வலுத்து, ரோட்டில் போகிற வண்டிகள் தண்ணீரை வாரி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் மடியில் இருந்த முந்தானையை இரண்டு மூன்று முறை சுருட்டி விரித்தாள்.

"பொய் இல்லீங்க சார்," என்றாள். "உண்மைதான்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. அந்த வரிக்குக் கீழே எழுதியவர் கையெழுத்து வேண்டும் என்றார். சந்திரலேகா மகளைத் தொடுவதற்குக் கையை நீட்டினாள். விரலில் பட்டது வெறும் நாற்காலி முதுகுதான். இலக்கியா எழுந்து மேசைக்குப் போயிருந்தாள்.